மாமனார் விட்டுப்போன காட்டில் மானுக்குத் தீவனம் விதைக்கலாமா? பென்சில்வேனியாப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

மேப்பிள்மாப்பிள்ளை – ஜூலை 9

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது பிட்ஸ்பர்க். மனைவி இந்த ஊர்க்காரி. அவள் அப்பா போன வருடம் தவறிவிட்டார். வடக்கே பாட்டர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அவருக்கு 38 ஏக்கர் காடும் ஒரு சின்ன மரவீடும் உண்டு, இப்போது அது என் மனைவி பெயரிலும் அவள் தம்பி பெயரிலும் கூட்டாக இருக்கிறது. மாமனார் ரொம்ப நாளாக அங்கே மானுக்கு ஒரு தீவனப் பாத்தி போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கொட்டகையில் பெரிய கொம்பு மான் படம் போட்ட, குளோவர் என்கிற தீவனச்செடியின் விதைப்பை ஒன்று பாதி பிரித்தபடி கிடந்தது.

மனைவிக்குத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு மான் பார்க்கவேண்டும். மச்சானுக்கு அக்டோபரில் வில்லை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி உட்காரவேண்டும். மான் வரவேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை. என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் நெல் போட்டவர் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லித் தொலைத்ததால் வேளாண்மைத் துறை முழுக்க என் தலையில்.

முன்பு மரம் வெட்டியபோது கட்டைகளை அடுக்கிவைத்த ஒரு திறந்த இடம் இருக்கிறது, நம் கணக்கில் சுமார் 25 சென்ட். போன மே மாதம் அங்கே அந்தப் பையில் இருந்ததைக் கையால் தூவினேன். மழை பெய்தது, முளைத்தது, அதுவரை சந்தோஷம். அப்புறம் எல்லாம் மஞ்சளடித்து விரலளவிலேயே நின்றுவிட்டது. ஜூன் கடைசியில் போனால் முழங்கால் உயரத்துக்கு ஒரே பெரணி. நான் விதைத்தது இருந்த இடமே தெரியவில்லை.

என்ன தப்பு செய்தேன்? விதை பழசா? இல்லை, இந்த வேலையே வேண்டாம் என்று மூட்டை மூட்டையாக மக்காச்சோளம் வாங்கிக் கொட்டிவிடலாமா?

சுண்ணாம்புச்சட்டி – ஜூலை 9

முதலில் ஒன்று கேட்கிறேன். மண் பரிசோதனை செய்தீர்களா? செய்திருக்க மாட்டீர்கள். நானும் முதல் மூன்று வருடம் செய்யவில்லை, விதைக்காரனுக்குத்தான் வருமானம்.

அந்தப் பக்கத்துக் காட்டு மண் புளித்த மண், அதாவது அமிலம் அதிகம். நம் ஊரில் களர், உவர் என்று காரத்தோடுதான் மல்லுக்கட்டுவார்கள், இங்கே நேர் எதிர். பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5க்குக் கீழே இருந்தாலும் ஆச்சரியமில்லை, குளோவருக்கோ 6க்கு மேல் வேண்டும். புளித்த மண்ணில் நீங்கள் எவ்வளவு உரம் போட்டாலும் செடியால் பாதிகூட எடுக்க முடியாது. குளோவர் பயறு வகை, வேரில் முடிச்சு வைத்துத் தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் (நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் தெரியுமே, அதேதான்). அந்த முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா புளிப்பில் வேலை செய்யாது. அடுத்த முறை மஞ்சளாக நிற்கிற செடி ஒன்றைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வெளுத்திருந்தாலோ முடிச்சே இல்லாவிட்டாலோ உங்கள் கதைதான்.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மண் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, அதற்கான பை கவுண்டி விரிவாக்க அலுவலகத்தில் கிடைக்கும். பத்து இடத்தில் ஆறு அங்குல ஆழத்துக்குத் தோண்டி, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, உலர்த்தி அனுப்புங்கள். தகர வாளி வேண்டாம், துத்தநாகம் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். என்ன போடப்போகிறீர்கள் என்று எழுதினால் அந்தப் புளிப்பை முறிக்க ஏக்கருக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சுண்ணாம்பு இன்று போட்டு நாளைக்கு வேலை செய்யாது, மாதக்கணக்கில் ஆகும். அதனால் விதை வாங்கும் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் சுண்ணாம்பு மூட்டையைச் சுமக்கத் தயாராகுங்கள்.

அப்புறம் அந்தப் பெரணி. கையில் கசக்கி மோந்து பாருங்கள், காய்ந்த வைக்கோல் வாசனை வந்தால் அது வைக்கோல்மணப் பெரணி. மான் அதைத் தொடாது. மற்றதையெல்லாம் மான் மேய்ந்து தீர்க்கத் தீர்க்க இது மட்டும் கம்பளம் மாதிரி பரவும், அடியில் கிழங்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை வெட்டினால் சிரித்துக்கொண்டே திரும்ப வரும். இலை முழுதாக விரிந்து நிற்கும் ஜூலைக் கடைசி, ஆகஸ்டில் கிளைபோசேட் என்கிற களைக்கொல்லி அடித்தால்தான் கிழங்குவரை இறங்கும். மருந்து பிடிக்காது என்றால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை விடாமல் வெட்டவேண்டும், ஒரே வருடத்தில் முடியாது.

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது வேடிக்கையாக இங்கேயும் சரியாகத்தான் இருக்கிறது, டர்னிப்பும் பெரிய முள்ளங்கியும் போட ஜூலைக் கடைசி, ஆகஸ்டு முதல் வாரம்தான் பட்டம். ஆனால் உங்களுக்கு இந்த ஆடி கிடையாது, மண் தயாராக இல்லை. ஆகஸ்டில் மருந்து, செப்டம்பர் முதல் வாரத்தில் ரை தானியம் (கோதுமை மாதிரி ஒன்று) மட்டும், ஏக்கருக்கு 100 பவுண்டு கணக்கில் உங்கள் இடத்துக்கு 25 பவுண்டு. ரை புளிப்பைப் பொறுத்துக்கொள்ளும், குளிரைப் பொறுத்துக்கொள்ளும், கல்லில் போட்டாலும் முளைக்கும் ஜாதி. கடையில் ரைகிராஸ் என்று இன்னொன்றைத் தருவார்கள், பெயர் ஒட்டியிருக்கிறதே தவிர அது வெறும் புல். ஏமாந்துவிடாதீர்கள், நான் ஏமாந்தவன்.

வெயிலைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று எண்ணுங்கள். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தால் எதுவும் உருப்படாது.

ஒன்பதாம்வளைவு – ஜூலை 10

சோளம் கொட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொட்டாதீர்கள்.

சட்டம் ஒரு பக்கம். பென்சில்வேனியாவில் பொதுவாக இரை கொட்டி வேட்டையாடக்கூடாது. சோளம் மட்டுமில்லை, உப்புக்கட்டியும் தாதுக்கட்டியும் அதில் சேர்த்தி, முழுக்க எடுத்த பிறகும் 30 நாள் அந்த இடத்தில் வேட்டை கூடாது. மனைவி திண்ணையில் இருந்து பார்க்கத்தானே கொட்டினோம் என்று நீங்கள் சொல்லலாம், மாட்டிக்கொள்வது மரத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மச்சான். விதைத்து வளர்த்த பயிர் வேறு விஷயம், அது இரைக் கணக்கில் வராது. இருந்தாலும் மாநில வேட்டை ஆணையத்தின் அந்த வருடத்துக் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொரு பக்கம் நோய். சிடபிள்யூடி என்கிற மூளைநோய் 2012ல் இந்த மாநிலத்தில் முதன்முதலாகப் பண்ணை மானில் கண்டுபிடிக்கப்பட்டது, அப்புறம் காட்டு மானுக்கும் வந்துவிட்டது. மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது, வந்தால் சாவுதான். எச்சிலிலும் சிறுநீரிலும் பரவும், மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். ஒரே குவியலில் இருபது மான் வாயை வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நோய் பரவல் பகுதி என்று ஆணையம் அறிவித்த இடங்களில் மானுக்குத் தீனி வைப்பதே குற்றம்.

இதையெல்லாம் விட்டாலும், நடுக்குளிர்காலத்தில் திடீரென்று சோளம் தின்கிற மான் வயிறு புளித்தே செத்துப்போகும். அந்தச் சமயத்தில் அதன் இரைப்பை குச்சியும் மொட்டும் செரிக்கப் பழகியிருக்கும். வயிறு நிறையத் தீனி இருக்க, அதன் பக்கத்திலேயே செத்துக் கிடந்த மானை நானே பார்த்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் பாவம் நல்ல மனதோடு போட்டது.

கோடாலிக்காம்பு – ஜூலை 11

எல்லோரும் விதை, சுண்ணாம்பு, மருந்து என்று பேசுகிறீர்கள். 38 ஏக்கர் காடு வைத்திருப்பவருக்கு 25 சென்ட் பாத்தி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மான் ஒரு நாளைக்கு ஐந்து முதல் எட்டு பவுண்டு தின்னும். பத்து மான் வந்தால் உங்கள் ரை முளைக்கிற வேகத்துக்கு மேலே நறுக்கிப் போட்டுவிடும்.

தம்பி, உங்களிடம் சிவப்பு மேப்பிள் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பக்கம் களை மாதிரி மண்டியிருக்கும். பிப்ரவரியில் கோணலும் மாணலுமான மேப்பிள் பத்துப் பதினைந்தை வெட்டிச் சாயுங்கள். நான் முதல் வருடம் வெட்டியபோது, சாயங்காலம் செயின்சாவை வண்டியில் வைத்துவிட்டுக் கையுறையை எடுக்கத் திரும்பிப் போனேன், அதற்குள் மூன்று பெட்டை மான்கள் சாய்ந்த கிளையில் மொட்டைக் கடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று என்னைப் பார்த்தது, மென்றுகொண்டே பார்த்தது, போகவில்லை. மறு கோடையில் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் இருபது முப்பது தளிர். விதைச்செலவு பூஜ்யம், சுண்ணாம்பு பூஜ்யம். வெளிச்சமும் தரைக்கு இறங்கும், கருப்பட்டி நிறத்தில் பழுக்கும் முள்பெர்ரி தானாக வரும், மானுக்கு அதுவும் பிடிக்கும். பெரணி இருந்தால் மட்டும் முதலில் அதை ஒழியுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் திறந்துவிட்ட வெளிச்சத்தை அதுதான் குடிக்கும்.

ஆனால் செர்ரியில் கை வைத்துவிடாதீர்கள்! வடக்குப் பென்சில்வேனியாவின் கருஞ்செர்ரி மேஜை நாற்காலிக்கு உலகம் முழுக்கப் போகிற மரம், மேற்கே கேன் என்ற ஊர் தன்னை உலகக் கருஞ்செர்ரித் தலைநகரம் என்றே சொல்லிக்கொள்ளும். விறகென்று நினைத்து ஒரு நல்ல செர்ரியைச் சாய்த்துவிட்டு மச்சானிடம் முழிக்காதீர்கள். ஓக் இருந்தால் அதையும் விடுங்கள், வெள்ளை ஓக் கொட்டை விழுகிற வருடம் எந்தப் பாத்தியையும் மான் திரும்பிப் பார்க்காது. வெட்டுவதற்கு முன் மாநில வனத்துறையின் கவுண்டி வன அலுவலரைக் கூப்பிடுங்கள், காட்டுச் சொந்தக்காரர்களுக்கு யோசனை சொல்வது அவர்கள் வேலை, காசு கேட்க மாட்டார்கள். எந்த மரம், எது வேண்டாம் என்று கூடவே நடந்து காட்டுவார்கள்.

செயின்சா பழக்கமில்லை என்றால் தனியாகப் போகாதீர்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சுண்ணாம்புச்சட்டி – ஜூலை 11

கோடாலி அண்ணே சொல்வது சரிதான், ஆனால் அந்த அம்மா திண்ணையில் இருந்து மான் பார்க்கவேண்டும் என்கிறார். மேப்பிள் தளிர்க் குத்துக்குள் நிற்கிற மானை யார் பார்ப்பது? இரண்டையும் செய்யட்டும்.

கோடாலிக்காம்பு – ஜூலை 11

அப்படியானால் சரி. கூடவே கம்பிவலையில் மூன்றடி அகலத்துக்கு ஒரு கூண்டு செய்து பாத்தி நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். முளைக்கவில்லையா, முளைத்ததை மான் தின்றுவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும். பாதிப் பேர் இது தெரியாமல் விதையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

தோட்டக்காரி – ஜூலை 13

நாங்கள் நியூயார்க் மாநிலம், உங்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம். இரண்டே விஷயம். மே கடைசி, ஜூன் முதல் பாதியில் பாத்தியில் புல்வெட்டி ஓட்டாதீர்கள், குட்டி போடும் காலம். தாய் மேயப் போகும்போது குட்டி அசையாமல் படுத்திருக்கும், சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடாது. நான் ஒருமுறை காய்ந்த இலைக் குவியல் என்று நினைத்து வண்டியை விட்டேன், இரண்டு அடி இருக்கும்போது அந்தக் குவியலில் ஒரு காது அசைந்தது. அன்று முழுக்கக் கை நடுங்கியது. இப்போதெல்லாம் முதலில் நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டி.

இன்னொன்று உண்ணி. பெரணிக்குள் முழங்கால் வரை நின்றேன் என்கிறீர்களே, படிக்கும்போதே எனக்கு அரித்தது. உண்ணி கடித்து வரும் லைம் நோய் இந்தப் பக்கம் சாதாரணம். பெர்மெத்ரின் என்கிற பூச்சிமருந்து அடித்த காலுறை, கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் முட்டிக்குப் பின்னால், இடுப்பில், தலைமுடிக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். அழகு பார்க்கிற வேளை இல்லை.

மேப்பிள்மாப்பிள்ளை – நவம்பர் 17

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி, தாமதமாக வருகிறேன். மண் பரிசோதனை வந்தது, பிஎச் 4.9. ஏக்கருக்கு 6000 பவுண்டு சுண்ணாம்பு என்று எழுதியிருந்தார்கள், எங்கள் இடத்துக்கு 1500, அதாவது 40 பவுண்டு மூட்டை 38. கடைக்காரர் வீடு கட்டுகிறீர்களா என்று கேட்டார். பாதியை ஆகஸ்டில் போட்டோம், மீதியை வசந்தத்தில் போடவேண்டும். பெரணிக்கு மருந்தை மச்சான் அடித்தான். செப்டம்பர் 5 அன்று ரை.

அக்டோபரில் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று நடந்தது. சுற்றியுள்ள மேப்பிள் எல்லாம் இலையைக் கொட்டி, ஒரே வாரத்தில் பாத்தி சிவப்புக் கம்பளம் ஆகிவிட்டது, அடியில் ரை வெளுக்க ஆரம்பித்தது. வீட்டு இலை ஊதியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் இலை ஊதினேன். காட்டுக்குள் இலை ஊதுகிற முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

நேற்று கூண்டைப் பார்த்தோம். உள்ளே ரை ஒரு சாண் உயரம், வெளியே நாலாபக்கமும் கட்டைவிரல் அளவுக்குச் சமமாக நறுக்கி வைத்திருக்கிறது, நாவிதர் கடை மாதிரி. ஆக முளைக்காமல் இல்லை. திண்ணையில் இருந்து மனைவி ஒரே நேரத்தில் எண்ணியது ஏழு. மச்சான் வில்லோடு ஆறு நாள் உட்கார்ந்தான், ஒன்றும் கிடைக்கவில்லை, தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்கும்போது மறுபடி வருகிறான். அவள், அந்த ஏழில் எதையும் சுடக்கூடாது என்கிறாள். அவன், எந்த ஏழு என்று எப்படித் தெரியும் என்கிறான். நான் இதில் தலையிடவில்லை. அந்த வாரம் காட்டுப் பக்கம் போவதானால் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொள் என்று மட்டும் எனக்கு உத்தரவு.

மார்ச்சில் உறைந்த மண்மேல் குளோவர் தூவலாம் என்று இங்கே பழைய இழையில் படித்தேன். இரவில் உறைந்து பகலில் இளகி மண் தேன்கூடு மாதிரி வெடிக்கும்போது விதை தானாக உள்ளே இறங்கிவிடுமாமே, சரியா? வெள்ளைக் குளோவர் 2 பவுண்டு போதுமா? சுண்ணாம்பு பாதிதான் போட்டிருக்கிறேன், அதற்குள் குளோவர் தாங்குமா, இல்லை இன்னும் ஒரு வருடம் ரையோடே ஓட்டவா?

சுண்ணாம்புச்சட்டி – நவம்பர் 17

2 பவுண்டு தாராளம். தூவிப் பாருங்கள், ஆனால் பாதிப் பாத்தியில் மட்டும். மார்ச்சுக்கு முன் இன்னொரு மண் மாதிரி அனுப்புங்கள், 5.5ஐத் தாண்டவில்லை என்றால் விதையைப் பையோடு குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டு மீதி 19 மூட்டையை முதலில் இறக்குங்கள்.