வாழைப்பழத்துக்கு கைகர் கவுன்டர் ஏன் அசையலை?

மஞ்சக்குப்பம், கடலூர்:
கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுன்டர், எஸ்பிஎம்-20 குழாய் போட்டது. வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கு, அதில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டுன்னு சோதிச்சேன். சமையல் மேடையில் பின்னணி (எதுவும் வைக்காதபோது வரும் எண்ணிக்கை) நிமிடத்துக்கு சுமார் 20. பூவன் பழத்தை ஒட்டி வைத்து 10 நிமிடம் எண்ணினாலும் அதே 20. நண்டுக்கும் அப்படியே. கருவி பழுதா?

லாஸ்பேட்டை:
பழுதில்லைங்க. 1 கிராம் பொட்டாசியத்துக்கு சுமார் 31 பெக்கரல், அதாவது நொடிக்கு 31 அணுச் சிதைவு. பெரிய பச்சை வாழைப்பழத்தில் 0.4 கிராம் இருக்கும், அதாவது 12 பெக்கரல். பூவனில் இன்னும் குறைவு. வரும் பீட்டா கதிரில் (வேகமான எலக்ட்ரான்கள்) பெரும்பங்கு சதையிலேயே நின்னுடும். 10 நிமிடத்தில் 200 எண்ணினால் அதிலேயே ±14 ஆட்டம் உண்டு. நிமிடத்துக்கு ஒண்ணு கூடினால் எப்படித் தெரியும்? பழத்தோடு 6 மணி நேரம், பழமில்லாமல் 6 மணி நேரம் ஓடவிடணும்.

கருவியைச் சோதிக்க உரக்கடை பொட்டாஷ் போதும். மூட்டையில் போட்டிருக்கும் 60% பொட்டாசியம் ஆக்சைடு கணக்கு, 0.83-ஆல் பெருக்கினால் பொட்டாசியம் 50%. ஆக 100 கிராமுக்கு சுமார் 1,550 பெக்கரல். இடிச்சு, தட்டில் 3 மி.மீ. கனத்துக்குப் பரப்புங்க. அதுக்கு மேல் குவிச்சுப் பெரிய பலனில்லை, அடியிலிருந்து பீட்டா மேலே வராது. மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள், 1 செ.மீ. உயரத்தில் குழாய். நடுவில் 2 மி.மீ. அலுமினியத் தகட்டைச் செருகினால் எண்ணிக்கை சடாரென இறங்கணும். இறங்கினால் பார்த்தது பீட்டாதான்.

பண்ருட்டி:
முதலில் மேடையை மாத்துங்க. மேடை கிரானைட்னா அதிலேயே பொட்டாசியம், தோரியம், யுரேனியம் இருக்கு. மர மேசையில், ரெண்டு அளவையும் ஒரே இடத்தில் எடுங்க. மழை பெய்ததும் எடுத்த அளவை நம்பாதீங்க. காற்றிலுள்ள ரேடான் என்ற கதிர்வீசும் வாயு சிதைஞ்சு உண்டாகும் பொருள்கள் மழையோடு இறங்கி, ஒண்ணு ரெண்டு மணி நேரம் பின்னணி ஏறும். இன்னொண்ணு, உப்புக்காத்து. குழாய்க்கு 400 வோல்ட் போகுது, கருவியின் மின்சுற்றுப் பலகையில் ஈரம் படிஞ்சா கசிவு வந்து பொய் எண்ணிக்கை காட்டும். ஸ்பிரிட்டால் துடைச்சு, காய விட்டு மூடுங்க. பொட்டாஷ் தூளும் ஈரம் இழுக்கும், உள்ளே விழவிடாதீங்க.

லாஸ்பேட்டை:
நண்டு வேற கதை. அதில் கவனிக்க வேண்டியது பொலோனியம்-210 என்ற இயற்கைக் கதிர்வீச்சுப் பொருள். ஓட்டைத் திறந்தால் தெரியும் பழுப்புக் கூழிலும், இறாலில் தலைப்பக்கமும்தான் அதிகம் சேரும். அது விடும் ஆல்பா கதிர் (கனமான துகள்) காற்றில் 4 செ.மீ.கூடத் தாண்டாது, உங்க குழாயின் எஃகுச் சுவரை எங்கே தாண்டும்? ஆய்வகத்தில் அமிலத்தில் கரைச்சு, வெள்ளித் தகட்டில் படிய வைத்து எண்ணுவாங்க. அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) 138 நாள், அதனால் பழைய கருவாட்டில் குறைஞ்சிருக்கும்.

மஞ்சக்குப்பம்:
இளநீரில் பொட்டாசியம் அதிகமாச்சே, தினம் குடிச்சா உடம்பில் சேராதா?

பண்ருட்டி:
300 மி.லி.க்கு 0.75 கிராம், சுமார் 23 பெக்கரல். 70 கிலோ உடம்பில் ஏற்கெனவே 4,000-க்கு மேல் ஓடுது. கூடுதல் பொட்டாசியத்தை சிறுநீரகம் வெளியே தள்ளிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கு இளநீர் வேண்டாம்னு சொல்றது பொட்டாசியத்துக்காக, கதிருக்காக இல்லை.