ஒரே பல்கலைக்கழகமா, தனித்தனியா? 1972க்கும் 1978க்கும் நடுவே

வளாகவாசி:
1972இல் பேராதனை, கொழும்பு, வித்தியோதயா, வித்தியாலங்கார, கட்டுபெத்தை எல்லாவற்றையும் ‘இலங்கைப் பல்கலைக்கழகம்’ என்ற ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாண வளாகம் 1974இல் பிறந்ததும் அந்த ஏற்பாட்டில்தான்; முதல் தலைவர் க. கைலாசபதி. சின்ன நாட்டில் ஒரே பாடத்துக்கு நாலு இடத்தில் துறை வேண்டுமா? 1978இல் அந்த முறையைக் கலைத்துத் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கியது தவறு என்பேன்.

மூதவை:
ஒத்துக்கொள்ள முடியாது. பாடத்திட்டத்தில் ஒரு பாட அலகை மாற்றவும் துறை, பீடச்சபை, மூதவை (பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களை முடிவுசெய்யும் உயர்சபை) என்று ஏற வேண்டும். மூதவை உங்கள் ஊரில் இருந்தால் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லலாம். ஒரே மூதவை, ஒரே துணைவேந்தர் என்றால் எல்லாக் கோப்பும் கொழும்பில் வரிசையில் நிற்கும். பட்டம் வழங்கும் அதிகாரமே இல்லாத வளாகம் தன் தரத்துக்கு எப்படிப் பொறுப்பேற்கும்?

வளாகவாசி:
1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் மட்டும் விடுதலை தந்துவிட்டதா? மாணவர் அனுமதி முழுக்கப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கையில். கலைப்பிரிவு போன்றவை தவிர, 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். துணைவேந்தரை நியமிப்பவர் சனாதிபதி. பெயர்ப்பலகைதான் மாறியது.

கணக்குக்கிளை:
இரண்டு பேரும் சட்டத்திலேயே நிற்கிறீர்கள். சிக்கல் ஆளணியில், அதாவது அனுமதிக்கப்பட்ட பதவிகளின் எண்ணிக்கையில். மாணவர் தொகையைக் கூட்டச் சொல்லி ஆணைக்குழுவிலிருந்து கடிதம் வரும். விரிவுரையாளர் பதவிக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் தனியே இசைய வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. கட்டடத்துக்கு மூலதன ஒதுக்கீடு கிடைக்கும். உள்ளே வைக்கும் கருவிக்கு இரசாயனப் பொருள், பராமரிப்பு ஒப்பந்தம், தொழில்நுட்ப உத்தியோகத்தர் சம்பளம் எல்லாம் ஆண்டுதோறும் வரும் மீண்டெழும் செலவு. அது கிடைக்காவிட்டால் புது ஆய்வுகூடத்தில் கருவி உறை கழற்றாமலே கிடக்கும், மாணவர் பழைய மேசையில் முறை வைத்துச் செய்முறை செய்வார்கள்.

மூதவை:
இதை ஏற்கிறேன். தகுதிகாண் விரிவுரையாளர் (இன்னும் நிரந்தரமாக்கப்படாதவர்) பட்டமேற்படிப்புக்கு வெளிநாடு போனால் அவரது பாடத்தை யார் எடுப்பது என்பதையும் சேருங்கள். முதல் அணி மாணவர் வரும் முன்பே ஆளைச் சேர்த்து அனுப்பிவிட வேண்டும்.

வளாகவாசி:
அப்படியென்றால் வளாகங்களுக்கிடையே ஆளை மாற்றிக் கொடுக்கும் வசதி ஒரே பல்கலைக்கழகத்தில்தானே எளிது?

கணக்குக்கிளை:
சட்டப்படி எளிது. வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஓரிடத்தில் உள்ள ஒருவரை அவர் சம்மதமின்றி இன்னொரு வளாகத்துக்கு அனுப்பினால் சேவையை விட்டே போய்விடுவார். ஆளணி அனுமதியையும் மாணவர் எண்ணிக்கையையும் ஒரே கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். பதவி இல்லாத எண்ணிக்கையைப் பல்கலைக்கழகத்தை ஆளும் பேரவை ஏற்கவே கூடாது.