அப்டேட்: காத்துல உடைஞ்ச ஜன்னல், கதவு
முன்ன கேட்டிருந்தேன்ல, சவுக்கு கொப்பு விழுந்து நுவரெலியா மாவட்டத்துல நோர்வூட்ல இருக்கிற வீட்டு ஜன்னலும் முன்கதவும் உடைஞ்சிருச்சு, பாஸ் (தச்சு வேலைக்காரர்) வர்ற வரைக்கும் எப்படி அடைக்கிறதுனு. நிறைய பேர் பொலித்தீன் கட்டச் சொன்னீங்க, கட்டினோம், ராத்திரியே படபடனு அடிச்சு கிழிஞ்சு போச்சு. பொறகு மாமா 12 மில்லிமீட்டர் பிளைவூட் கொண்டு வந்தாரு, நிலை பழசு, ஆணி அடிச்சா வெடிச்சிரும்னு ஸ்க்ரூ தான் போட்டாரு, மேலயும் பக்கத்துலயும் சிலிக்கன் பூசிட்டு கீழ மட்டும் விட்டுட்டாரு, உள்ள போற தண்ணி வடியணுமாம். தொங்கிக்கிட்டு இருந்த கண்ணாடிக்கு முதல்ல டேப் ஒட்டிட்டு கிளவுஸ் போட்டுத்தான் கழட்டினோம். பின்கதவுல கை வைக்கவே விடல, அவசரத்துக்கு ஓட வழி வேணும்ல. அடைக்க முன்னயே போட்டோ எடுத்து கிராம சேவகர்கிட்ட குடுத்தாச்சு. பாஸ் தான் இன்னும் வந்தபாடில்ல, போன் பண்ணினா "இந்தா வாறேன்".