நாட்டினப் பாடத்தில் ஒரே ஒரு கட்டம்: இரு நாட்டுக் குழந்தை என்ன எழுதுவது?

கேள்வி

வணக்கம். ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கிறேன். நாடுகளின் பெயர்களையும் அந்தந்த நாட்டவரைக் குறிக்கும் சொற்களையும் சொல்லித்தரும் பாடத்தைச் சென்ற வாரம் தொடங்கினேன். பாடநூலில் ஒரு பக்கம் முழுவதும் கொடிகள்; ஒவ்வொரு கொடியின் கீழும் மரபு உடை அணிந்த ஒரு சிறுவனோ சிறுமியோ; எதிரே நாடு, நாட்டவர், மொழி என மூன்று கட்டங்கள். பிரேசிலுக்கான வரியில் பாதி வகுப்பு மொழியின் பெயரையும் 'பிரேசிலியன்' என்றே எழுதியிருந்தது. அது திருத்திவிடக்கூடிய பிழைதான்.

கடைசி வரியில் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி எழுத வேண்டும். தாய் ஒரு நாட்டையும் தந்தை வேறொரு நாட்டையும் சேர்ந்த ஒரு சிறுமி, அந்தக் கட்டத்தில் ஒரு சொல்லை எழுதி, அழித்து, இன்னொன்றை எழுதி, தாள் கிழியும் அளவுக்கு மறுபடியும் அழித்துவிட்டு, "இதில் ஒன்றுக்குத்தானே இடம் இருக்கிறது?" என்று கேட்டாள். அப்போதைக்கு இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆனால் கட்டம் சிறியது, அவள் எழுதவில்லை. இந்தப் பாடத்தை எப்படி மாற்றி அமைத்தால் சொற்களும் பிழையின்றிப் பதியும், எந்தக் குழந்தையும் வெறும் கட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க நேராது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1

அந்த மூன்று கட்டங்கள்தாம் சிக்கலுக்கு வேர். ஒரு நாடு என்றால் ஒரு மக்கள், ஒரு மொழி என்று அவை சொல்லாமல் சொல்லிவிடுகின்றன; 'பிரேசிலியன்' என்று எழுதிய குழந்தைகள் அட்டவணை காட்டிய வழியில்தான் போயிருக்கிறார்கள். நான் விதிவிலக்கிலிருந்தே தொடங்குவேன். முதல் நாளில் சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொண்டால், அந்நாட்டவர் 'சுவிஸ்'; ஆனால் அங்கே தேசிய மொழிகள் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் என நான்கு. 'சுவிஸ்' என்று ஒரு மொழி அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கண்டதும் குழந்தைகள் அடுத்த நாட்டுக்கும் தாமாகவே சந்தேகத்தோடு போகிறார்கள். அதன்பின் பிரேசிலையும் போர்த்துகீசிய மொழியையும் வைத்தால் பிழை வருவதில்லை.

சொற்களைப் பொறுத்தவரை, தமிழ் பேசும் குழந்தைக்கு இங்கே ஒரு தனித் தடை உண்டு. நாம் எந்த நாட்டின் பெயரோடும் 'நாட்டவர்' என்று சேர்த்துவிட்டால் வேலை முடிந்துவிடும். ஆங்கிலத்தில் 'இத்தாலியன்', 'ஸ்பானிஷ்', 'ஜாப்பனீஸ்', 'இராக்கி' என்று ஈறு நாட்டுக்கு நாடு மாறும். 'பிரெஞ்ச்', 'கிரீக்', 'டட்ச்' போன்றவை எந்த வரிசையிலும் அடங்குவதில்லை. (நெதர்லாந்துக்காரர் எப்படி 'டட்ச்' ஆனார் என்று ஒரு குழந்தையாவது கேட்கும். ஜெர்மானியர் தம் மொழியைச் சொல்லும் 'டாய்ச்' என்ற சொல்லும் இதுவும் உடன்பிறப்புகள் என்று சொல்லிப் பாருங்கள். பிறகு மறக்கவே மாட்டார்கள்.) அகர வரிசையை விட்டுவிட்டு ஈறுவாரியாகக் கொடுங்கள். கூடவே அழுத்தத்தையும் காதில் ஏற்றுங்கள்: 'சைனா' என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம் 'சைனீஸ்' என்பதில் கடைசி அசைக்குப் போய்விடுகிறது, 'கேனடா'வில் முதல் அசையில் இருப்பது 'கனேடியன்' என்பதில் இரண்டாம் அசைக்கு நகர்கிறது. மேசையைத் தட்டிச் சொல்லவைத்தால் போதும்.

இந்த வயதில் பெயரடை மட்டும் போதும். 'ஷீ இஸ் சைனீஸ்' என்பது சரியான, மரியாதையான வாக்கியம். நடுவில் 'ஏ' நுழைந்து 'ஷீ இஸ் ஏ சைனீஸ்' என்றாகும்போது பலர் காதுக்கு அது நெருடுகிறது.

மறுமொழி 2

இலக்கணம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன். குடியுரிமை, பிறந்த இடம், வாழும் இடம், வீட்டு மொழி, பெற்றோரின் பூர்வீகம் என ஐந்து வேறுபட்ட செய்திகளை ஆங்கிலத்தின் 'நேஷனாலிட்டி' என்ற ஒரே சொல் தாங்கிக்கொண்டு நிற்கிறது. கட்டத்தை எடுத்துவிட்டு வாக்கியங்களைக் கொடுங்கள்: 'ஐ வாஸ் பார்ன் இன்…', 'ஐ லிவ் இன்…', 'மை மதர் இஸ் ஃப்ரம்…', 'அட் ஹோம் வீ ஸ்பீக்…'. இவற்றுள் எதை எழுதுவது, எதை விடுவது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கட்டும். 'அண்ட்' என்ற சொல்லை முன்னரே கரும்பலகையில் எழுதி வைத்துவிடுங்கள். 'ஹாஃப்' என்ற சொல்லை நாமாகக் கொடுக்க வேண்டாம்; தன்னைப் பாதி என்று சொல்லிக்கொள்ள விரும்பும் குழந்தை அதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று, போரினாலோ வேறு காரணத்தினாலோ நாட்டைவிட்டு வந்த குழந்தையும், எந்த நாட்டின் குடியுரிமையும் கைக்கு வராத குழந்தையும் நம் வகுப்பில் இருக்கக்கூடும். நாட்டினத்தைப் பெறுவது ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 7ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படி எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதே அது எல்லாருக்கும் வாய்க்கவில்லை என்பதற்குச் சான்று. ஆகவே 'வேர் ஆர் யூ ஃப்ரம்?' என்ற பயிற்சியை நான் கற்பனைப் பாத்திரங்களை வைத்தே நடத்துகிறேன். பெயர், நாடு, மொழி எழுதிய சீட்டைக் குழந்தை எடுக்கும், அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்லும். சொந்தக் கதையைச் சொல்ல விரும்புபவர் சீட்டை வைத்துவிட்டுச் சொல்லலாம்.

மறுமொழி 3

முதல் மறுமொழியோடு ஓரளவு மாறுபடுகிறேன். 'டட்ச்' கதையெல்லாம் ஆசிரியருக்குச் சுவையானது. வாரம் இரண்டு பாடவேளை மட்டும் உள்ள வகுப்பில் பத்து, பன்னிரண்டு நாடுகள் போதும். ஐக்கிய நாடுகள் அவையின் 193 உறுப்பு நாடுகளையும் ஒப்பிக்கவைக்கும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்த உடைப் படங்கள். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டு வகுப்போடு கடிதப் பரிமாற்றம் நடத்தினோம். என் மாணவர்கள் பாடநூல் படத்தைப் பார்த்து, "நீங்கள் பள்ளிக்கு அந்தத் தொப்பி அணிந்துதான் போவீர்களா?" என்று கேட்டு எழுதினார்கள். அது தன் பாட்டியின் பெட்டியில் இருப்பதாகவும், தான் ஒருமுறைகூடப் போட்டதில்லை என்றும் ஒரு சிறுவன் பதில் எழுதியிருந்தான். அடுத்த கடிதத்தில் கேள்விகளை மாற்றினோம்: உன் சன்னலிலிருந்து என்ன தெரிகிறது, வீட்டில் யார் முதலில் எழுவார்கள், மழை வந்தால் என்ன செய்வாய்? வந்த பதில்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரே நாட்டிலிருந்து இருபது விதமான காலைகள்.

அதற்குத் தேவையான இலக்கணமும் எளியதுதான். 'தே லைக்' என்று தொடங்கும் வாக்கியங்களைச் 'சம் பீப்பிள்', 'மெனி பீப்பிள்' என்று தொடங்கச் சொல்லுங்கள். படம் காட்டுவதானால் ஒரு நாட்டுக்கு ஒன்று என்று நிறுத்தாமல் நான்கைக் காட்டுங்கள், அவற்றுள் குறைந்தது மூன்று சாதாரண வேலைநாளில் எடுத்தவையாக இருக்கட்டும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. கடைசி வரியை நீக்கிவிட்டு நான்கு வாக்கியங்களைக் கொடுத்தேன். அந்தச் சிறுமி தாயின் நாட்டையும் தந்தையின் நாட்டையும் 'அண்ட்' போட்டு ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். நான் எதிர்பாராதது அவள் பக்கத்தில் இருந்த சிறுவன். தனக்கும் ஒரு 'அண்ட்' வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, பெற்றோர் பேசும் மொழியோடு, வீட்டில் பாட்டி மட்டும் பேசும் மொழியின் பெயரையும் சேர்த்து எழுதினான். அதற்கு எழுத்துக்கூட்டல் எனக்கே தெரியவில்லை, அகராதியைத் தேட வேண்டியதாயிற்று.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பருவத் தேர்வுத் தாளில் அதே மூன்று கட்டங்கள் வருமாம்.

மறுமொழி 2 எழுதியவர்

கட்டத்தில் இரண்டு சொற்கள் இருந்தாலும் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லித் தாள் தயாரிப்பவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். தேர்வு முடிந்தபின் கேட்டால் நடக்காது.