நான்கு முன்கள வீரர்கள், இரண்டே இடங்கள்

கேள்வி: 1998-99 பருவத்தில் இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆண்டி கோல், யார்க், ஷெரிங்கம், சோல்ஷார் என நால்வரை வைத்துக்கொண்டு, அணிக்குள் பூசல் வெடிக்காமல் பயிற்சியாளர் ஃபெர்குசன் எப்படிச் சமாளித்தார்?

பதில் 1: பூசலே இல்லை என்று கூறிவிட முடியாது, ஆண்டி கோலும் ஷெரிங்கமும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். ஆயினும் மூன்று கோப்பைகளுக்கும் இறுதிவரை போட்டியிட்டதால் ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை, எனவே அனைவருக்கும் முறை வந்தது. வெளியே அமர்ந்தபடி எதிரணித் தடுப்பாளர்களின் பலவீனங்களைக் கவனித்துவந்த சோல்ஷார், நாட்டிங்கம் ஃபாரஸ்டுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, ஏறத்தாழ 20 நிமிடங்களில் 4 கோல்கள் அடித்தார்.

பதில் 2: வெளியே அமர்ந்து காத்திருக்க எல்லோரும் சோல்ஷார் அல்லர். தொடர்ந்து ஆட விரும்பிய இக்கால வீரர் கோல் பால்மர், 2023-இல் மான்செஸ்டர் சிட்டியை விட்டுச் செல்சியில் சேர்ந்தார்.

பதில் 3: இன்று ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்றாலும், வீரர்களை வெளியே உட்காரவைக்க மனமில்லாத மான்செஸ்டர் சிட்டி பயிற்சியாளர் கார்டியோலா, 2025-இல் பெரிய அணியைவிடச் சிறிய அணியையே கேட்டார்.