பவர் ரெயிலுக்குத் தமிழ்: தண்டவாளம் வேண்டாம், ஊட்டுதடம் என்று வைப்போம்

வணக்கம்.

மடிக்கணினிப் போட்டில் மின்னைப் பகிர்ந்து கொடுக்கிற செம்புப் பாதையைப் பவர் ரெயில் என்கிறோம், அதற்கு ‘மின் தண்டவாளம்’ என்று போன கிழமை வந்த முன்மொழிவை வாசித்தேன். எழுதியவர் தமிழ்நாட்டு ஆசிரியர், அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இந்தச் சொல் கலைச்சொல் பட்டியலில் ஏறிவிட்டால் பிறகு இறக்குவது கஷ்டம், அதனால் இப்போதே என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் இலங்கை மலையகத்து ஹட்டனில் மடிக்கணினி பழுது பார்க்கிறவன், கூடவே தோட்டப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த வேலையைத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறேன். தண்டவாளம் என்றதும் இங்குள்ள பிள்ளைக்குப் பதுளைக்குப் போகிற ரெயில் பாதைதான் மனதில் வரும், இரண்டு இரும்புக் கோடு பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற மாதிரி. போட்டில், அதாவது உதிரிகள் பொருத்திய மின்சுற்றுப் பலகையில், அப்படி எதுவும் கிடையாது. தேடினாலும் கிடைக்காத ஒரு வடிவத்தை அவன் தேடத் தொடங்குவான்.

முதலில் இந்த ரெயில் என்பது என்ன என்று ஒத்துக்கொள்வோம். 19 வோல்ற் அடப்டரைச் செருகினால் அந்த 19 வோல்ற் ஒன்றிரண்டு மொஸ்பெற்களை (ஓட்டத்தைத் திறந்து மூடுகிற சின்ன மின்னணு ஆளிகள், அதாவது சுவிட்சுகள்) கடந்து போட்டுக்குள் வருகிறது. அங்கிருந்து சில சிறு மாற்றிகள் அதை 5 வோல்ற், 3.3 வோல்ற் என்று இறக்குகின்றன, பிறகு நினைவகத்துக்கு ஒன்று (டிடிஆர்4 என்றால் 1.2 வோல்ற்), சீபீயுவுக்கு ஏறக்குறைய 1 வோல்ற் என்று இன்னும் பல. இப்படி ஒரே வோல்ற்றளவில் நிற்கிற செம்பு முழுவதும், அது மெல்லிய கோடாக இருந்தாலும் சரி, போட்டின் உள் அடுக்கில் விரிந்த தகடாக இருந்தாலும் சரி, சேர்ந்து ஒரு ரெயில். அதில் டசின் கணக்கில் கொள்ளளவிகள் தொங்கும். (தமிழ்நாட்டு நண்பர்கள் மின்தேக்கி என்று வாசிக்கவும், இந்த இரண்டு சொல்லும் இரண்டு கரையிலும் புழங்கட்டும், அதைப் பற்றி இங்கே சண்டை வேண்டாம்.) லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வருகிற ஒரே தண்ணீர்க் குழாயில் ஒரு வீட்டுப் பக்கம் உடைந்தால் மற்ற எல்லா வீட்டிலும் தண்ணீர் நிற்கிறது அல்லவா, அதுபோல ஒரு கொள்ளளவி உள்ளுக்குள் குறுஞ்சுற்றானால் (ஷோட் ஆனால்) அந்த ரெயில் முழுக்க விழுந்துவிடும்.

சொல் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு மேசையில் நடந்ததையே சொல்கிறேன். பொகவந்தலாவைப் பக்கத்து ஆசிரியை ஒருவரின் மடிக்கணினி வந்தது, உயிரே இல்லை. அடப்டரைச் செருகியதும் அடப்டரில் இருக்கிற சின்ன விளக்கு அணைந்தது, கழற்றினால் மறுபடி எரிந்தது. அடப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திக்கொள்கிறது, அப்படியென்றால் உள்ளே எங்கோ 19 வோல்ற் நேரே பாய்ந்து போகிறது. என்னிடம் பழகுகிற தம்பி மின்கலவடுக்கை (பற்றறியை) கழற்றி வைத்துவிட்டுப் பல்மானியை (மல்டிமீற்றரை) எடுத்தான். செருகுமிடத்துக்குப் பிறகு வருகிற முதல் மொஸ்பெற்றுக்கு முன்னால் அளந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது, அதைத் தாண்டி அளந்தபோது 0.4 ஓம். பிரதான ரெயிலில், அதாவது மொஸ்பெற்றைத் தாண்டிய அந்த 19 வோல்ற் ரெயிலில், குறுஞ்சுற்று. சரி, எந்தக் கொள்ளளவி? அதைப் பல்மானி சொல்லாது, அந்த ரெயிலில் இருக்கிற எதன்மேல் வைத்தாலும் அதே 0.4 தான் காட்டும், ஏனென்றால் எல்லாம் சமாந்தரமாக ஒரே செம்பில் நிற்கின்றன.

அப்புறம்தான் மின் செலுத்திப் பார்க்கிற வேலை. மேசை வலு வழங்கியை (பவர் சப்ளையை) 1 வோல்ற்றில் வைத்து, ஓட்டத்துக்கு 3 அம்பியர் எல்லை போட்டு, அந்த ரெயிலுக்குக் கொடுத்தான். 19 வோல்ற் ரெயிலுக்கு ஏன் வெறும் 1 வோல்ற் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். பிரதான ரெயிலிலிருந்து சீபீயு ரெயிலுக்கு ஓட்டத்தை விடுகிற மேல் மொஸ்பெற் உடைந்து அந்த இரண்டு ரெயிலும் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால், நாம் கொடுக்கிற வோல்ற்றளவு நேரே சீபீயுவுக்குப் போகும். 1 வோல்ற் என்றால் அது தாங்கும், 5 கொடுத்தால் அதோடு முடிந்தது. கொடுத்துவிட்டுப் போட்டின்மேல் ஐசோபுரோப்பைல் அற்ககோலைத் தடவினான், குறுஞ்சுற்றான உதிரி சூடாகும், அங்கே அது முதலில் காயும். முழுப் பரப்பும் ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருக்க, ஒரு மூலையில் அரிசி மணியிலும் சின்னக் கொள்ளளவி ஒன்றைச் சுற்றி மட்டும் ஈரம் சுருங்கிச் சட்டென்று காய்ந்தது. அதைக் கழற்றினான், 0.4 ஓம் போய்விட்டது, அடப்டர் விளக்கு அணையவில்லை, ஆளியை அமத்த இயந்திரம் எழுந்தது.

இந்த வேலை முழுக்க அவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “எந்த ரெயில் அண்ணா?” போட் பழுது பார்ப்பதே ஒவ்வொரு ரெயிலாக இருக்கிறதா இல்லையா, ஏன் இல்லை என்று நடந்து போவதுதான். ஆகவே நாம் தருகிற சொல் ஒரு நாளைக்கு நூறு தடவை வாயில் வரப்போகிற சொல். பட்டியலில் அழகாக இருந்தால் போதாது, கையில் பற்றாசுக்கோல் (சோல்டரிங் அயர்ன்) பிடித்திருக்கிறவன் மூச்சு விடாமல் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும்.

வேறு முன்மொழிவுகளையும் பார்த்தேன். ‘வலுத்தடம்’ என்று யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது எங்கள் பாடநூல் வழியில் பவர் என்றால் வலு என்பதால். அது பிழையில்லை, ஆனால் நாம் அங்கே அளப்பது வலுவை இல்லை, வோல்ற்றளவை. தவிர, தமிழ்நாட்டில் அதை வாசிக்கிறவருக்கு வலுவான தடம் என்றுதான் படும். ‘வழங்கல் கோடு’ என்றால் ஒரு கோடு மனதில் வருகிறது, உள்ளடுக்குத் தகடு விட்டுப்போகிறது. ‘லைன்’ என்றே விட்டுவிடலாம், கடைகளில் அதுதான் ஓடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கடையில் ஓடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் மலையகத்தில் லைன் என்ற சொல் எங்கள் வீடுகளின் பெயராக ஏற்கெனவே இருக்கிறது, பாடக் குறிப்பில் அதையே இன்னொரு பொருளுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு: எழுத்தில் முதல் தடவை ‘ஊட்டுதடம்’, பிறகு பேச்சிலும் எழுத்திலும் சுருக்கமாக ‘ஊட்டம்’. “19 வோல்ற் ஊட்டம் விழுந்திருக்கிறது.” “3.3 ஊட்டம் வருகிறதா பார்.” “எந்த ஊட்டம்?” சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கும் தடுக்காது. ஊட்டு என்றால் கொடுத்து வளர்ப்பது, பின்னூட்டம் என்று இணையத்தில் எல்லோரும் எழுதுவதால் இந்த வேர் தொழில்நுட்பத் தமிழுக்குப் புதிதும் இல்லை.

இதற்கு வரக்கூடிய பலமான மறுப்பு எனக்குத் தெரியும். தமிழ்நாட்டுப் பாடநூலில் மின்னூட்டம் என்றால் நாம் இலங்கையில் ஏற்றம் என்று படித்தது, கூலோமில் அளப்பது. அதனால்தான் ‘மின்’ என்ற முன்னொட்டை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை, யாரும் சேர்க்கவும் வேண்டாம். ஊட்டம் என்று சொல்லும்போது முன்னால் ஒரு வோல்ற் எண்ணோ, நினைவகம், சீபீயு என்று ஓர் இடமோ கட்டாயம் வரும், அந்த இடத்தில் கூலோமை நினைக்க வழியில்லை. சந்தேகம் வரும் என்று தோன்றுகிற இடத்தில் முழுச் சொல்லையும் எழுதிவிடலாம். இன்னொரு மறுப்பு ஊட்டச்சத்து என்று பொருள் படும் என்பது. இலங்கையில் அதற்குப் போசாக்கு, போசணை என்றுதான் சொல்கிறோம், எங்களுக்கு அந்தக் குழப்பம் பெரிதாக வராது.

ஊட்டம் என்று ஒத்துக்கொண்டால் அதன் கீழ் வருகிற பெயர்கள் தானாக விழுகின்றன, எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது இதுதான். அடப்டரிலிருந்து நேரே வருவது நுழைவு ஊட்டம். மொஸ்பெற்களைத் தாண்டி எல்லாவற்றுக்கும் தாயாக நிற்பது பிரதான ஊட்டம். ஆளியை அமத்தாமலே எப்போதும் இருக்கிற 3.3, 5 வோல்ற் இரண்டையும் ‘அணையா ஊட்டம்’ என்கிறேன். அணையா விளக்கு, அணையா அடுப்பு என்று நமக்குப் பழகிய சொற்கட்டு, விளக்கம் தேவையில்லை. ஆளி வேலை செய்வதே இதை நம்பித்தான். ஆளி அமத்தியதை உணர்கிற சின்னக் கட்டுப்படுத்தி இந்த 3.3 வோல்ற்றில்தான் விழித்திருக்கிறது, அணையா ஊட்டம் இல்லாத போட்டில் ஆளியை எத்தனை தடவை அமத்தியும் பிரயோசனம் இல்லை. பிறகு நினைவக ஊட்டம், சீபீயு ஊட்டம். இப்போது வருகிற யூஎஸ்பி-சி மடிக்கணினிகளில் நுழைவு ஊட்டம் முதலில் 5 வோல்ற்றில் தொடங்கி, போட்டும் அடப்டரும் பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் 20க்கு ஏறும். 5 இலேயே நின்றுவிட்டால் அந்தப் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம், நோயைத் தேட வேண்டிய இடமே வேறு. “நுழைவு ஊட்டம் 5 இல் நிற்கிறது” என்று ஒரு பிள்ளை சொன்னால் எனக்கு மிச்சம் புரிந்துவிடும்.

குறுஞ்சுற்று என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஊட்டத்தோடு சேர்ந்துதான் பொருள்படும். தொடர்ச்சி பார்க்கிற நிலையில் வைத்தால் பல மானிகள் 30, 50 ஓமுக்குக் கீழே எதற்கும் கத்தும். சீபீயு ஊட்டத்தில் நல்ல போட்டிலேயே சில ஓம்தான் இருக்கும், பலமான சீபீயு என்றால் ஒரு ஓமுக்கும் கீழே போகும். கத்தியது, ஆகவே குறுஞ்சுற்று என்று எழுதிக்கொண்டு நல்ல சீபீயுவைச் சூடாக்கிக் கொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பட்டியலில் குறுஞ்சுற்றுக்கு விளக்கம் எழுதும்போது ‘அந்த ஊட்டத்துக்கு இருக்க வேண்டிய தடையிலும் மிகக் குறைந்த தடை’ என்று எழுதுங்கள், ‘தடை இல்லாத நிலை’ என்று மட்டும் எழுதாதீர்கள். இயல்பாகவே குறைவாக இருப்பதைக் குறைதடை என்று தனியாகச் சொல்வோம்.

பட்டியலில் கிரவுண்டுக்குப் ‘புவி’ என்று போட்டிருப்பதும் போட் வேலைக்குப் பொருந்தாது. வீட்டு மின்னிணைப்பில் புவித்தொடுப்பு சரி, அங்கே உண்மையிலேயே மண்ணுக்குள் கம்பி போகிறது. மின்கலவடுக்கில் ஓடுகிற மடிக்கணினிக்கும் மண்ணுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, இருந்தும் அதில் கிரவுண்ட் இருக்கிறது, எல்லா ஓட்டமும் திரும்பி வருகிற, 0 வோல்ற் என்று நாம் வைத்துக்கொண்ட செம்புத் தளம் அது. பொதுத்தளம் என்பேன், சுருக்கமாகத் தளம். பல்மானியை இருவாயி (டயோட்) நிலையில் வைத்து அளக்கும்போது சிவப்பு முனை தளத்தில், கறுப்பு முனை ஊட்டத்தில். இப்படி எழுதினால் குழப்பமே இல்லை.

மற்ற இரண்டும் சிறியவை. ஈரம் பட்ட போட்டைத் ‘துருப்பிடித்தது’ என்று எழுதாதீர்கள், துரு இரும்புக்கு. செம்பில் பச்சையாகப் படிவதற்குக் களிம்பு என்று சொல் இருக்கிறது, சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவையும் ஆணவத்தையும் விளக்கச் செம்பும் களிம்பும் என்று எத்தனை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறார்கள். மருந்துக் களிம்போடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். மலையகத்தில் இது எங்களுக்குத் தினசரிச் சொல், 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் மழைக்காலம் முழுக்க மூடுபனிக்குள் இருந்த மடிக்கணினியைத் திறந்தால் அணையா ஊட்டத்தைச் சுற்றித்தான் முதலில் களிம்பு தெரியும், ஈரமும் எப்போதும் வோல்ற்றளவும் சேர்ந்து நிற்கிற இடம் அது. அடுத்தது சோல்டர் பண்ணுவதற்கு எழுதுகிற ‘ஈயம் வைத்தல்’. ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு 2006 இல் வந்த பிறகு போட்களில் பெரும்பாலும் ஈயமே கிடையாது, வெள்ளீயமும் வெள்ளியும் செம்பும் கலந்தது, அது உருகுவது 217 பாகை செல்சியசுக்கு மேல். பழைய ஈயக் கலவை 183 இலேயே உருகிவிடும். ஈயம் என்று நினைத்துக்கொண்டு பழைய சூட்டை வைத்தால் கால்கள் கழலாது, இழுத்தால் பட்டையோடு பிய்ந்து வரும். பற்றாசு என்றே எழுதுவோம்.

வருகிற மாதம் பிள்ளைகளுக்கான குறிப்பைப் புதிதாக அச்சடிக்கப் போகிறேன், அதில் ஊட்டுதடம், அணையா ஊட்டம், பொதுத்தளம் மூன்றையும் போட நினைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பழுது பார்க்கிறவர்கள் யாராவது ‘ஊட்டம்’ என்பதை மேசையில் சொல்லிப் பார்த்து, ஏற்றத்தோடு குழம்புகிறதா இல்லையா என்று எழுதினால் நல்லது. குழம்புகிறது என்றால் சுருக்கத்தை விட்டுவிட்டு முழுச் சொல்லையே அச்சில் போடுகிறேன்.