மெத்தோட்ரெக்ஸேட் கவர்ல கிழமையை எப்படி எழுதுறீங்க?

அண்ணாச்சிமாரே, முக்கூடல், ஆலங்குளம், அம்பை பக்கம் மருந்துக்கடை வச்சிருக்கவங்க ஒரு உதவி செய்யணும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துல ஒரே நாள்தான். கைப்பழக்கத்துல கவர்ல 1-0-0ன்னு, அதாவது காலையில ஒண்ணுன்னு, கிறுக்கிட்டா தினமும் போட்டுருவாங்க. வாய்ப்புண், காய்ச்சல், வெள்ளையணு சரிவுன்னு உயிருக்கே வந்துரும். 2.5 மி.கி. மூணு எழுதின சீட்டுக்கு 10 மி.கி. அட்டை போச்சுன்னா 7.5 போய் 30 ஆயிரும். கூட வர்ற ஃபோலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரையும் பெரும்பாலும் மஞ்சள்தான், மாத்திப் போட்டுருதாங்க. (இதுக்கு நடுவுல கோ-ட்ரைமாக்சசோல்ங்கிற ஆன்டிபயாடிக்குக்கு சீட்டு வந்தா, டாக்டர்கிட்ட கேக்காம எடுத்துக் குடுக்காதீங்க, ரெண்டும் சேந்தா எலும்பு மஜ்ஜையை அடிச்சிரும்.)

கிழமையைப் பெரிய எழுத்துல அச்சடிச்ச ஸ்டிக்கர் யார்கிட்டயாவது இருக்கா? எழுத்து தெரியாத பீடி சுத்துற அக்காமாருக்கு என்ன அடையாளம் போடுறீங்க? போட்டோ எடுத்துப் போடுங்க.